பழைய அவுட்லா கன்ட்ரி ஆல்பங்களில் அப்படி என்ன இருக்கிறது?

ஊசிமுனை:

அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ ஆல்பத்தை இந்த வாரம் மட்டும் ஆறு முறை கேட்டுவிட்டேன். 1975இல் வந்தது. வருடக்கணக்காகக் கேட்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. இதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதல் முறை கேட்டபோது ஏதோ குறைகிறதே என்று நினைத்தேன். ஒரு நைலான் கம்பி கிடார், ஒரு குரல். நடுநடுவே அவருடைய அக்கா பாபி வாசிக்கும் பியானோ. ஹார்மோனிகா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். டிரம்ஸ் எங்கே இருக்கிறது என்று காது கொடுத்துத் தேட வேண்டும். கதை ஒரு பாதிரியாருடையது. தன்னை விட்டுப் போன மனைவியையும் அவள் காதலனையும் சுட்டுக் கொன்றுவிட்டுக் குதிரையில் ஊர் ஊராகத் திரிகிறார். இவ்வளவு பயங்கரத்தையும் நெல்சன் குரலை ஒரு துளி உயர்த்தாமல், திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறார். அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

டெக்சாஸில் கார்லண்ட் என்ற ஊரில் ஒரு ஸ்டுடியோவில் சில நாட்களில் பதிவு செய்து முடித்தார்கள். செலவு சுமார் 4,000 டாலர் என்று சொல்வார்கள். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் இதைக் கேட்டவர்கள், இது வெறும் மாதிரிப் பதிவு, இனிமேல்தான் வயலின் எல்லாம் சேர்ப்பார்கள் என்று நினைத்தார்களாம். ஆனால் ஒப்பந்தப்படி கடைசி முடிவு நெல்சன் கையில் இருந்தது. ஒன்றையும் சேர்க்காமல் அப்படியே வெளிவந்தது. அதிலிருந்த ‘ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் தி ரெயின்’ கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ‘க்ரேஸி’ மாதிரியான பாட்டுகளை அடுத்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தே பேர் வாங்கியவர், தானே பாடி முதலிடம் பிடித்தபோது வயது 42.

உங்களை இந்தப் பக்கம் இழுத்த ஆல்பம் எது? எதனால் இழுத்தது?

நள்ளிரவு ரேடியோ:

எனக்கு இந்த வகை அவ்வளவாகப் பழக்கமில்லை. அவுட்லா என்றால் சட்டத்துக்குப் புறம்பானவன் என்றுதானே அர்த்தம்? கொள்ளைக்காரர்களைப் பற்றிய பாட்டுகளா, இல்லை பாடியவர்களே ஜெயிலுக்குப் போனவர்களா?

ஊசிமுனை:

நல்ல கேள்வி. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் பெயருக்குக் காரணம் அது இல்லை. அவர்கள் மீறிய சட்டம், கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரமான நாஷ்வில் ஸ்டுடியோக்களின் சட்டம்.

1960களில் நாஷ்வில்லில் ஒரு ஆல்பம் எப்படி உருவாகும் என்று பார்த்தால் புரியும். எந்தப் பாட்டு, எந்த ஸ்டுடியோ, யார் வாசிப்பது எல்லாவற்றையும் தயாரிப்பாளர் முடிவு செய்வார். மூன்று மணி நேரம் ஒரு செஷன், அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடிய வேண்டும். வாசிப்பவர்கள் ஊரிலேயே சிறந்த, ஆனால் எல்லாருக்கும் பொதுவான ஸ்டுடியோ கலைஞர்கள். பாடகரோடு வருடம் முழுக்க பஸ்ஸில் ஊர் சுற்றும் அவருடைய சொந்தக் குழு பெரும்பாலும் வெளியேதான் நிற்கும். பிறகு வயலின்களும் கோரஸும் மேலே பூசப்படும். நாஷ்வில் சவுண்ட் என்று இதற்குப் பெயர். அழகான இசைதான், நான் பழிக்க மாட்டேன். ஆனால் யார் பாடினாலும் அதே மெத்தையில் படுக்க வைத்த மாதிரி இருக்கும்.

பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தோடு 1972இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத வைத்தார். தன் பாட்டைத் தானே தேர்ந்தெடுப்பது, தன் குழுவோடு தானே பதிவு செய்வது. கேட்டது அவ்வளவுதான். அந்த ஊரில் அதுவே பெரிய கலகம்.

ஆறாம் கம்பி:

நான் கிடார் வாசிப்பவன். அதனால் என் பதில் கிடாரிலிருந்துதான் வரும்.

நெல்சனின் கிடாருக்கு ட்ரிகர் என்று பெயர். நடிகர் ராய் ரோஜர்ஸின் குதிரைப் பெயர் அது. மார்ட்டின் என்-20, 1969இல் வாங்கியது. இது கிளாசிக்கல் கிடார், விரலால் மீட்டுவதற்குச் செய்தது. பிக், அதாவது கம்பியை மீட்டக் கையில் பிடிக்கும் சின்ன வில்லை, உரசாமல் இருக்க ஸ்டீல் கம்பிக் கிடார்களின் முகத்தில் ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அது இதில் கிடையாது. நெல்சன் பிக் வைத்துத்தான் வாசிப்பார். அப்படி உரசி உரசி, ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே மரத்தில் ஒரு ஓட்டையே விழுந்துவிட்டது. உள்ளே இருக்கும் சட்டங்கள் தெரிகிற அளவுக்கு. சுற்றிலும் நண்பர்கள் போட்ட கையெழுத்துகள். டென்னசியில் அவர் வீடு தீப்பிடித்தபோது உள்ளே ஓடிப்போய் மீட்டுக்கொண்டு வந்தவற்றில் இதுவும் ஒன்று.

இப்போது அந்த ஆல்பத்தில் ஏதாவது ஒரு கிடார் தனி வாசிப்பை ஹெட்ஃபோனில் கேளுங்கள். நைலான் கம்பி என்றால் மென்மையாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இது கொஞ்சம் கரகரப்பாக, மரத்தைத் தட்டுகிற சத்தத்தோடு வரும். ஜாஸ் கிடார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டை நெல்சன் குருவாக நினைப்பவர். அந்த ஜாஸ் நடையும் மெக்சிக எல்லைப்புறத்து வாசனையும் ஒன்றாகக் கலந்து கேட்கும்.

அப்புறம் அவர் பாடும் விதம். தாளத்தில் வந்து விழவே மாட்டார். பின்தங்கி வருவார், திடீரென்று இரண்டு சொல்லை அவசரமாகச் சொல்லி முந்திப் போவார். நான் முதன்முதலில் அவர் பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தபோது நான்கு வரிக்குள் தொலைந்துபோனேன். கண்ணை மூடிக்கொண்டு காலால் தாளம் போட்டு, குரலை அதன் போக்கில் விட்ட பிறகுதான் பிடிபட்டது. நாஷ்வில் செஷனில் இந்தப் பாணிக்கு இடமே இருந்திருக்காது. அவரைத் தாளத்துக்குள் கட்டிப்போடத்தான் பார்த்திருப்பார்கள்.

வெயில்காலம்:

எல்லாரும் ஆகா ஓகோ என்கிறீர்கள். எனக்கும் இந்தப் பாட்டுகள் பிடிக்கும், ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘அவுட்லா’ என்பது விற்பதற்காக ஒட்டிய லேபிள். 1976 ஜனவரியில் வந்த ‘வான்டட்! தி அவுட்லாஸ்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜென்னிங்ஸ், நெல்சன், ஜெஸ்ஸி கோல்ட்டர், டாம்பால் கிளேசர் நாலு பேர் படத்தையும் பழைய காலத்து ‘தேடப்படும் குற்றவாளி’ போஸ்டர் மாதிரி அட்டையில் போட்டார்கள். உள்ளே இருந்தது பெரும்பாலும் ஏற்கெனவே வெளிவந்த பாட்டுகள். ஆர்சிஏ நாஷ்வில் அலுவலகத்தின் தலைவர் ஜெர்ரி பிராட்லி தொகுத்தது. கலகக்காரர்கள் எந்த நிறுவனத்தை எதிர்த்தார்களோ அதே நிறுவனம்தான் கலகத்தைப் பொட்டலம் கட்டி விற்றது. பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழ் பெற்ற முதல் கன்ட்ரி ஆல்பம் அதுதான். அந்த பிளாட்டினம் விருதே 1976இல்தான் ஆரம்பித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதிலிருந்த பெரிய ஹிட் ‘குட் ஹார்ட்டட் வுமன்’. ஜென்னிங்ஸும் நெல்சனும் மேடையில் சேர்ந்து பாடிய மாதிரி இருக்கும். உண்மையில் ஜென்னிங்ஸ் தனியாகப் பாடிய மேடைப் பதிவின் மேல் நெல்சன் குரலைப் பிறகு ஸ்டுடியோவில் ஒட்டினார்கள்.

ஊசிமுனை:

வெயில்காலம் சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். அந்தத் தொகுப்பை வைத்து இந்த இசையை அறிமுகப்படுத்தவே கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் அட்டைப்படம் பின்னால் வந்தது, இசை முன்னால் வந்தது. 1973இல் ‘ஹாங்கி டாங்க் ஹீரோஸ்’ வந்தபோது இந்தப் போஸ்டர் விளையாட்டெல்லாம் கிடையாது. அந்த ஆல்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதில் பத்துப் பாட்டு. ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பில்லி ஜோ ஷேவரின் கை இருக்கிறது. ஷேவர் டெக்சாஸ்காரர், ஏழை. மர அறுவை ஆலையில் வேலை பார்த்தபோது வலது கை விரல்கள் சிலவற்றின் பாகம் போய்விட்டது. மிஞ்சிய விரல்களை வைத்துக்கொண்டு கிடார் பழகினார். 1972இல் டெக்சாஸில் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் நடந்த இசை விழாவில் ஜென்னிங்ஸ் அவர் பாட்டைக் கேட்டுவிட்டு, நாஷ்வில் வா, உன் பாட்டுகளை வைத்து ஆல்பமே போடுகிறேன் என்றார். ஷேவர் போனார். மாதக்கணக்காக ஜென்னிங்ஸைப் பிடிக்கவே முடியவில்லை. கடைசியில் ஒருநாள் ஸ்டுடியோவுக்கே போய் நின்றுவிட்டார். நூறு டாலரைக் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். வாங்க மறுத்து, என் பாட்டைக் கேட்காவிட்டால் எல்லார் முன்னாலும் உன்னை அடிப்பேன் என்றார். ஷேவரே பின்னாளில் பலமுறை சொன்ன கதை இது. சரி, ஒரு பாட்டு பாடு, பிடித்தால் இன்னொன்று, பிடிக்காவிட்டால் கிளம்பு என்றார் ஜென்னிங்ஸ். ஒன்று இரண்டாகி ஆல்பமே ஆகிவிட்டது.

அந்தத் தலைப்புப் பாட்டின் ஆரம்பத்தைக் கவனியுங்கள். மெதுவாக, பழைய நினைவில் முனகுகிற மாதிரி தொடங்கும். ஏதோ அமைதியான பாட்டு என்று நாம் சாய்ந்து உட்காரும் நேரத்தில் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து உதைத்துக்கொண்டு கிளம்பும். அந்தத் திருப்பத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கிறது. மேடையில் நூற்றுக்கணக்கான இரவுகள் சேர்ந்து வாசித்தவர்களுக்கு மட்டும் வரும் திருப்பம் அது. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தாலே போதும், காகிதம் தேவையில்லை. சொந்தக் குழுவோடு பதிவு செய்ய வேண்டும் என்று ஜென்னிங்ஸ் ஏன் அப்படி மல்லுக்கட்டினார் என்பதற்கு அந்தச் சில நொடிகளே பதில்.

தேன்கூடு:

ஊசிமுனை, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் முதலில் சொன்ன அந்தப் பாதிரியார் கதை எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்றவன் மேல் நமக்கு இரக்கம் வருகிறது. அவள் பக்கத்தை அந்த ஆல்பம் சொல்லவே இல்லை. அவள் ஏன் போனாள்?

அதனால் நான் சிபாரிசு செய்வது அதற்கு முந்தைய வருடம், 1974இல் நெல்சன் வெளியிட்ட ‘ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்’. ஒரு மணமுறிவின் கதை. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க மனைவியின் பார்வை, திருப்பிப் போட்டால் கணவனின் பார்வை. முதலில் வருவது அவள் பக்கம். பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, படுக்கை விரிப்பது என்று அன்றாட வேலையிலேயே அவள் வாழ்க்கை எப்படித் தேய்ந்தது என்று தொடங்குகிறது. 1974இல் ஒரு ஆண், கன்ட்ரி இசையில், அவ்வளவு நிதானமாகப் பெண்ணின் இடத்தில் நின்று பாடியிருக்கிறார். இசைத்தட்டை எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும் என்பதே அந்தக் கதையின் ஒரு பகுதி. ஆன்லைனில் கேட்பவர்கள் பாதியில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள்.

இன்னொன்று. பட்டியல் போடும்போது எல்லாரும் ஜெஸ்ஸி கோல்ட்டரை ‘ஜென்னிங்ஸின் மனைவி’ என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ‘ஐ ஆம் நாட் லிசா’ அவரே எழுதிப் பாடி 1975இல் பெரிய வெற்றி பெற்ற பாட்டு. பியானோவும் அந்த நடுங்குகிற குரலும். காதலன் தன்னை வேறொருத்தியின் பெயரால் கூப்பிடுகிறான், அதற்கு அவள் சொல்லும் பதில்தான் பாட்டு. சாமி ஸ்மித்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரிஸ் கிறிஸ்டோபர்சன் எழுதிய ‘ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ தி நைட்’ பாட்டை ஒரு பெண் குரலில், அந்தக் காலத்தில், ஒளிவுமறைவு இல்லாமல் பாடி 1971இல் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். துணிச்சல் என்று பேசினால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஊசிமுனை:

தேன்கூடு, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் ஏன் போனாள் என்று நான் யோசித்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. இனி அந்த ஆல்பத்தைக் கேட்கும்போது அந்தக் கேள்வியும் கூடவே வரும்.

நள்ளிரவு ரேடியோ:

கிறிஸ்டோபர்சன் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. அவரும் இந்தக் கூட்டம்தானா?

ஆறாம் கம்பி:

கூட்டத்துக்கு வார்த்தை கொடுத்தவரே அவர்தான். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாஷ்வில் வந்து கொலம்பியா ஸ்டுடியோவில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 1966இல் பாப் டிலன் பதிவு செய்தபோது இவர் சாம்பல் கிண்ணம் கொட்டிக்கொண்டு இருந்தார். நான்கு வருடம் கழித்து முதல் ஆல்பம், ‘கிறிஸ்டோபர்சன்’. குரல் சுமார்தான். ஆனால் ‘சண்டே மார்னிங் கமிங் டவுன்’ கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவலி, இருப்பதிலேயே அழுக்கு குறைந்த சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறான். யார் வீட்டிலோ கோழி வறுக்கிற வாசனை. அந்த வாசனைதான் அவனை உடைத்துவிடுகிறது. தனிமையை இதைவிடக் குறைந்த சொற்களில் சொன்னவர்கள் எனக்குத் தெரிந்து இல்லை. பாடகர் ஜானி கேஷ் இதைத் தன் டிவி நிகழ்ச்சியில் பாடியபோது, போதையைக் குறிக்கும் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்கள். மாற்றாமலே பாடினார்.

வெயில்காலம்:

கேஷ் என்றதும் ஞாபகம் வருகிறது. ‘அட் ஃபோல்சம் பிரிசன்’ இந்தப் பட்டியலில் வருமா வராதா? 1968 ஜனவரி 13, கலிஃபோர்னியா சிறைச்சாலைக்குள் பதிவானது. காலம் முந்தியது, ஆனாலும் வாசல் திறந்தது அதுதான் என்பேன். அதன் கடைசிப் பாட்டு ‘கிரேஸ்டோன் சாப்பல்’, அதே சிறையில் இருந்த கிளென் ஷெர்லி என்ற கைதி எழுதியது. முந்தின இரவுதான் கேஷ் அதைக் கற்றுக்கொண்டார். எழுதியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவர் பாட்டை அவர் எதிரிலேயே பாடினார். அந்தப் பாட்டு வரும்போது நான் வேறு வேலை எதுவும் செய்வதில்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்’ பாட்டில் ஆளைக் கொன்ற வரி வரும்போது கைதிகள் ஆரவாரம் செய்வதுபோலக் கேட்கிறதே, அந்தச் சத்தம் பிறகு சேர்த்தது. உண்மையில் காவலர்கள் முன்னால் அந்த வரிக்குக் கைதட்ட அவர்களுக்குத் தைரியம் இல்லை. எனக்கு அந்த மௌனமே கிடைத்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

பருத்திக்காடு:

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் டெக்சாஸில் வேலை பார்க்கிறேன். லக்கன்பாக் போய்விட்டு வந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது.

1977இல் ஜென்னிங்ஸ் பாடிப் பெரிய ஹிட்டான பாட்டில் வரும் ஊர். ஊர் என்று சொன்னாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய மரப்பலகைக் கடை ஒன்று, அதிலேயே முன்பு தபால் நிலையமும் இருந்தது, கொஞ்சம் தள்ளி ஒரு நடனக் கூடம், பெரிய ஓக் மரங்கள், மேய்கிற கோழிகள். அந்தப் பாட்டை எழுதிய இரண்டு பேரும் எழுதியபோது இந்த ஊருக்கு வந்ததே இல்லையாம். ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்பே, 1973 ஆகஸ்டில், ஜெர்ரி ஜெஃப் வாக்கர் தன் ‘விவா டெர்லிங்குவா’ ஆல்பத்தை இதே நடனக் கூடத்தில் பதிவு செய்தார். ஸ்டுடியோ வசதி எதுவும் கிடையாது. சத்தம் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தடுப்பு வைத்தார்கள்.

நான் போனது ஒரு வாரநாள் மதியம். ஓக் மரத்தடியில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். மைக் கிடையாது, மேடை கிடையாது. எழுபது வயது இருக்கும் ஒருவர் ஒரு வரியை மறந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் மெதுவாக எடுத்துக் கொடுத்தார், அவர் தலையை ஆட்டிக்கொண்டு தொடர்ந்தார். நான் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். யார் நீ, எங்கிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் மட்டும் விட்டார்கள். கிடார்க் கம்பியில் விரல் வழுக்குகிற சத்தம்கூடக் கேட்டது. அன்றைக்குத்தான் இந்த ஆல்பங்களில் எனக்குப் பிடித்தது எது என்று புரிந்தது. அந்த வட்டத்தில் எனக்கும் ஒரு இடம் விட்டுவைத்துப் பதிவு செய்த மாதிரி இருக்கும். நிறைய ஆல்பங்களில் அந்த இடத்தை வயலின்கள் அடைத்துக்கொள்கின்றன.

ஊசிமுனை:

பருத்திக்காடு, நான் முதல் பதிவில் சொல்ல வராமல் தவித்தது இதைத்தான். இடம் விட்டுவைப்பது! நெல்சன் பின்தங்கிப் பாடுவதும், கிடார் நின்று நின்று வருவதும் எல்லாம் அதற்குத்தான் வழிவிடுகின்றன.

நள்ளிரவு ரேடியோவுக்கு: முதலில் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’, அப்புறம் ‘ஹாங்கி டாங்க் ஹீரோஸ்’, அதற்குப் பிறகு ஜென்னிங்ஸின் ‘ட்ரீமிங் மை ட்ரீம்ஸ்’, 1975. கடைசியாகச் சொன்னதில் முதல் பாட்டு, முந்தைய தலைமுறைப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் இப்படியா செய்தார் என்று நாஷ்வில்லைப் பார்த்துக் கேட்கும் பாட்டு. இடைவிடாத ஒரே டிரம் அடி, அதன் மேல் அலை அலையாக வரும் எலெக்ட்ரிக் கிடார். கை கிளார்க் என்ற பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், ‘ஓல்ட் நம்பர் 1’, அதே வருடம். ஒரே மூச்சில் எல்லாம் வேண்டாம். ஒரு இரவுக்கு ஒன்று போதும்.

தேன்கூடு:

‘ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ஸை விட்டுவிடாதீர்கள்.

நள்ளிரவு ரேடியோ:

நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ முழுவதையும் கேட்டேன். முப்பது நிமிடத்துக்குச் சற்று மேல். நடுவில் பாபி நெல்சன் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ என்ற தேவாலயப் பாட்டைப் பியானோவில் மட்டும் வாசிக்கிறாரே, அது இரண்டு நிமிடம்கூட இல்லை, அந்த இடத்தில் கொலைகாரனை மறந்து, தேன்கூடு சொன்ன அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த ஆள் என்ன ஆனான் என்று ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ‘பண்டேரா’ என்று ஒரு வாத்திய இசை வந்தது. வார்த்தையே இல்லை, அந்த ஓட்டை விழுந்த கிடார் பேசிக்கொண்டு இருந்தது. அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

இன்று இரவு ‘ஹாங்கி டாங்க் ஹீரோஸ்’.